கழிவுநீர் கலந்த 'பி' வாய்க்காலை மீட்பது: பணத்தை எப்படிப் பிரிப்பது, பலனை எப்படி அளப்பது?

வடிகாலோரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அரசலாற்றுப் பாசனத்தில் ஒரு பி வாய்க்கால் (பாசன வரிசையில் இரண்டாம் நிலைக் கிளை), நீளம் 6.4 கி.மீ. தலைப்பு மதகிலிருந்து 1.8 கி.மீ. வரை தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. அதற்குக் கீழே பேரூராட்சியின் இரண்டு சாக்கடைகள் விழுகின்றன. ஒரு புழுங்கல் அரிசி ஆலையின் ஊறல் தண்ணீர் வருகிறது. ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரிகள் பாலத்தடியில் கொட்டிவிட்டுப் போகின்றன. கடைசி 2 கி.மீ. முழுக்க வெங்காயத்தாமரை, கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. பேரூராட்சியைத் தாண்டினால் நான்கு ஊராட்சிகள் வழியாக ஓடுகிறது.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் வழியாக ஒரு நிறுவனத்திடம் பேசியதில், சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியில் 60 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்கிறார்கள். தூர்வாரி, கரையில் மரக்கன்று நட்டு, பலகை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். எங்களுக்கு அதில் திருப்தி இல்லை.

கேட்க வேண்டியது மூன்று. 60 லட்சத்தை எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது, கூட வேறு எந்தத் திட்டப் பணத்தைச் சேர்க்கலாம்? தண்ணீர் தேறியதா இல்லையா என்பதை எப்படி அளப்பது? (வருடத்துக்கு இரண்டு முறை மாதிரி எடுத்தால் போதும் என்று ஒரு தனியார் ஆய்வகம் சொல்கிறது.) எந்த மாதத்தில் எந்த வேலை?

---

மதகுச்சாவி:

முதலில் மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஆக வாய்க்காலுக்குள் எந்திரம் இறங்க முடிவது பிப்ரவரி நடுவிலிருந்து மே கடைசி வரைதான். சம்பா அறுவடை தாமதித்தால் பிப்ரவரியும் போய்விடும். வயல் ஈரத்தில் பொக்லைன் போக வழி இருக்காது. அணை முன்பின்னாகத் திறந்தால் அந்த மாதிரி நகர்த்திக்கொள்ளுங்கள்.

பி வாய்க்கால் நீர்வளத்துறையுடையது. செயற்பொறியாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீர்கள். சி, டி வாய்க்கால்களைப் பெரும்பாலும் வேளாண்மைப் பொறியியல் துறை தூர்வாரும். உங்கள் வாய்க்காலிலிருந்து பிரியும் கிளைகளை அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அக்டோபரிலேயே மனு கொடுத்துவிடுங்கள், உங்கள் பணம் மிச்சமாகும். அனுமதிக்குப் போகும்போது புலப்பட வரைபடம், அ-பதிவேடு நகல் (வருவாய்த்துறையின் நில அளவை ஆவணங்கள்) இரண்டும் கையில் இருக்கட்டும். வாய்க்காலின் பதிவேட்டு அகலம் 12 மீட்டர், தரையில் இருப்பது 7 என்றால் அளவை அப்போதே எழுத்தில் பதிவாக்க வேண்டும். ஆக்கிரமிப்பு நடவடிக்கை 1905 சட்டப்படி வருவாய்த்துறை செய்ய வேண்டியது. 2007-இல் வந்த சட்டம் ஏரிகளுக்கானது, வாய்க்காலுக்கு அதைக் காட்டி மனு எழுதி அலையாதீர்கள்.

அடுத்து தூர்வாருதல். கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். நம்ம பகுதியில் படுகைச் சரிவு மிகக் குறைவு. 4,000-க்கு 1 என்று வைத்தால் ஒரு கி.மீ.க்கு 25 செ.மீ. இறக்கம்தான். ஆபரேட்டர் ஆர்வத்தில் 30 செ.மீ. கூடுதலாகத் தோண்டினால் அது 1.2 கி.மீ. நீள இறக்கத்துக்குச் சமம். கீழே உள்ள பாலத்தின் தளமட்டத்தைவிட மேலே பள்ளம் விழுந்து, முறை (நாள் வைத்து விடும் பாசனத் தண்ணீர்) நின்றதும் அங்கே சாக்கடை குட்டையாகத் தேங்கும். கொசு, நாற்றம், வெங்காயத்தாமரை மூன்றும் அங்கிருந்துதான் மறுபடி கிளம்பும். எனவே எந்திரம் வருவதற்கு முன் 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு மட்டம் எடுத்து, எல்லா மதகு, பாலத் தளமட்டங்களையும் ஒரே நிலையான மட்டக்குறியோடு இணைத்து எழுதுங்கள். முடிந்தபின் அதே குறியிலிருந்து அதே இடங்களில் மறுபடி மட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் பணம், மணிக்கணக்குக்குப் பணம் கிடையாது.

இரண்டாவது, எடுத்த மண். கரை விளிம்பில் குவித்தால் ஐப்பசி மழையில் பாதி திரும்ப உள்ளே சரியும். உங்கள் கணக்கில் 4.6 கி.மீ. நீளம், அடி அகலம் 4 மீட்டர், சராசரி 40 செ.மீ. படிவு என்றால் 7,360 கன மீட்டர். 6 கன மீட்டர் டிப்பரில் 1,200 நடைக்கு மேல். எங்கே கொட்டுவது என்று முடிவாகாமல் எஸ்டிமேட் போட்டால் அது கரையில்தான் முடியும். சாக்கடைச் சேறு என்பதால் ஒரு வாரம், பத்து நாள் நீர் வடியவிட்டு ஏற்ற வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு சேரும் இடமாக இருந்தால் கன உலோகச் சோதனை பார்க்காமல் யார் வயலுக்கும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, ஆகாத வேலைக்கு ஆளை இறக்குவது. வேலை உறுதித் திட்ட ஆட்களைச் சாக்கடைச் சேற்றில் இறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. அவர்கள் வேலை கரை, காட்டாமணக்கை வேரோடு பிடுங்குவது, நடவு இவற்றோடு நிற்கட்டும். காட்டாமணக்கை வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். வேரோடு எடுத்து, மேட்டில் காயவைத்து அழிக்க வேண்டும். வெங்காயத்தாமரை விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒருமுறை வாரிவிட்டுப் பணம் முடிந்தது என்றால் அடுத்த குறுவைக்குள் பழையபடி ஆகும். முதல் வருடம் 15 நாளுக்கு ஒருமுறை மிதவைக் கயிறு கட்டிச் சேர்த்து எடுக்க ஆளும் கூலியும் எஸ்டிமேட்டில் வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் 60 லட்சத்தில் தூர்வாருதலுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்தால் அது வீண். கழிவு விழுந்துகொண்டே இருக்கும் வாய்க்காலில் தூர்வாருவது அடுத்த வருடச் சேறுக்கு இடம் செய்துகொடுப்பதுதான்.

---

கணக்குப்பிள்ளை:

பணப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

சிஎஸ்ஆர் என்பது 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆவது பிரிவு. முந்தைய மூன்று நிதியாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு. நிறுவனம் உங்கள் சங்கத்தின் வழியே செலவிட வேண்டுமானால் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டப்படியான அறக்கட்டளைப் பதிவும் நன்கொடை வரிச்சலுகைப் பதிவும் (1961 சட்டத்தில் 12ஏபி, 80ஜி), அதுபோன்ற வேலையில் மூன்று வருட முன்னனுபவமும், சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு எண்ணும் வேண்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திடம் பெரும்பாலும் இவை இருக்காது. பதிவுள்ள ஓர் அறக்கட்டளையைச் செயல்படுத்தும் அமைப்பாக வைத்து, சங்கம், பேரூராட்சி, நீர்வளத்துறை கையெழுத்திடும் ஒப்பந்தம் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இங்கே ஒரு சிக்கலை முன்கூட்டியே பாருங்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் பணத்தை விடுவிக்கும். வாய்க்கால் வேலையோ ஏப்ரல், மே. ஒரே நிதியாண்டுத் திட்டம் என்று எழுதினால் மார்ச்சுக்குள் செலவுக் கணக்குக் கேட்பார்கள். உடனே அவசர பில், அவசர வேலை. அதைத் தவிர்க்க, முதல் கடிதத்திலேயே இதைத் 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழுத் தீர்மானத்தில் போடச் சொல்லுங்கள். தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டு வரை நீட்டலாம். செலவாகாத தொகையை நிறுவனம் நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அந்தப் பணம் உங்கள் திட்டத்துக்கென்றே நிற்கும். மூன்று வருடக் கண்காணிப்புக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை.

'நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, அதனால் கண்காணிப்புக்குப் பணம் தர முடியாது' என்று சில அதிகாரிகள் சொல்வதுண்டு. அந்த 5 விழுக்காடு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கான வரம்பு. வாய்க்காலில் தண்ணீர் மாதிரி எடுப்பது திட்டச் செலவு. இதைப் பணிவாக எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பணம் தருபவர் யார் என்பதையும் பாருங்கள். சட்டப்படி தான் செய்தே ஆக வேண்டிய வேலையை எந்த நிறுவனமும் சிஎஸ்ஆரில் காட்ட முடியாது. அந்த அரிசி ஆலை சுத்திகரிப்பு அமைக்க வேண்டியது அதன் கடமை. அதற்கு உங்கள் 60 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. அதேபோல் பேரூராட்சியின் சாக்கடையும் முழுக்க உங்கள் பொறுப்பு இல்லை. தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குப் பயன்படுத்திய நீர் மேலாண்மை என்று தனிப் பிரிவே உண்டு. பேரூராட்சியை அதில் கருத்துரு அனுப்பவைப்பது உங்கள் 60 லட்சத்தைவிடப் பெரிய பணத்தைத் திறக்கும்.

நான்கு ஊராட்சிகளுக்கு: தூய்மை இந்தியா ஊரகம் இரண்டாம் கட்டத்தில் சாம்பல்நீருக்கு (குளியல், சமையலறைக் கழிவுநீர்) 5,000 பேர் வரை உள்ள ஊரில் தலைக்கு 280 ரூபாய், அதற்கு மேல் 660 ரூபாய். 3,200 பேர் ஊருக்கு 8.96 லட்சம். அதில் 30 விழுக்காட்டை ஊராட்சி 15-ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும் என்பது 2021–26-க்கான விதி. அந்த மானியத்தில் (2021–26) 60 விழுக்காடு குடிநீர், மழைநீர், துப்புரவு இவற்றுக்கு மட்டுமே செலவிட வேண்டிய கட்டுண்ட நிதிதான்; ஆகவே இந்த வேலைக்கு அது பொருந்தும். அடுத்த நிதிக்குழுக் காலத்தின் நிபந்தனைகளை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு நாமே திட்டமும் உண்டு. மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று, வேலையின் வகைக்கேற்ப மாறும். சிறு தடுப்புச் சுவர், படித்துறை, கம்பி வலை மாதிரி ஊர்க்காரர் கண்ணில் படும் வேலைகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டம், மத்திய அரசு 60 மாநில அரசு 40, நடந்தாய் வாழி காவேரி (காவிரியைத் தூய்மைப்படுத்தும் திட்டம்) என்றெல்லாம் பேச்சு வரும். அது ஆற்றுக்கும் பெரிய ஊர்களுக்கும் உரிய அளவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018 பட்டியலில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை காவிரி மாசுபட்ட பகுதியாக இருப்பதை உங்கள் கருத்துருவின் முதல் பத்தியில் எழுதுங்கள். அந்தப் பணத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

பிரிப்பு என் பார்வையில்: சாக்கடை வாயில் தடுப்பும் சுத்திகரிப்பும் 45 விழுக்காடு, தூர்வாரி அகற்றல் 18, மூன்று வருடப் பராமரிப்பு 20, கண்காணிப்பு 9, மீதி எதிர்பாராச் செலவு. கண்காணிப்பையும் பராமரிப்பையும் தனி வங்கிக் கணக்கில், பணம் வந்த அன்றே பிரித்துப் போட்டுவிட வேண்டும். ஒரே கணக்கில் இருந்தால் மே மாதம் மண் வேலை இழுக்கும்போது முதலில் கரைவது அந்த இரண்டும்தான். ஒப்பந்ததாரர் பில்லில் 10 விழுக்காட்டை நிறுத்திவைத்து, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் குறுக்குவெட்டு சரிபார்த்தபின் கொடுங்கள்.

---

பிஓடி27:

வருடத்துக்கு இரண்டு மாதிரி என்பது அறிக்கைக்கு ஆகும், வாய்க்காலுக்கு ஆகாது. டெல்டாவில் மாசு அளவைத் தீர்மானிப்பது மேட்டூர்த் தண்ணீர்தான். ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் முறைநாளில் ஒன்று எடுத்தால், எந்த வேலையும் செய்யாமலே 'முன்னேற்றம் 85 விழுக்காடு' என்று காட்டலாம். கணக்கைப் பாருங்கள்.

ஏப்ரலில் வாய்க்காலில் ஓடுவது சாக்கடை மட்டும், வினாடிக்கு 35 லிட்டர், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 60 மி.கி. என்று கொள்வோம். லிட்டரையும் மில்லிகிராமையும் பெருக்கி 0.0864-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்குக் கிலோ: 181. ஆகஸ்டில் முறைத் தண்ணீர் 233 லிட்டர் சேர்ந்து மொத்தம் 268, பிஓடி 9. சுமை 208 கிலோ. தலைப்பில் வந்த தண்ணீரே 1.5 மி.கி. சுமந்து வந்திருந்தால் அது 30 கிலோ, கழித்தால் 178. 60 என்பது 9 ஆகிவிட்டது, விழும் கழிவு அப்படியே இருக்கிறது. ஆகவே மாதிரி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்டத்தை அளக்க வேண்டும். ஓட்டம் இல்லாத பிஓடி எண்ணை அறிக்கையில் ஏற்காதீர்கள்.

ஓட்டம் அளக்க, வாய்க்காலில் மிதவை முறை போதும். நேராக ஓடும் 20 மீட்டர் இடம், இரு முனையிலும் கயிறு, முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில். வெறும் பாட்டிலோ தெர்மாகோலோ காற்றுக்கு இழுபடும். ஐந்து முறை விட்டுச் சராசரி எடுத்து 0.85-ஆல் பெருக்குங்கள், ஏனென்றால் மேல்மட்ட வேகம் சராசரியைவிட அதிகம். அகலம் 4.5, சராசரி ஆழம் 0.35 மீட்டர், 20 மீட்டர் கடக்க 100 வினாடி என்றால் வினாடிக்கு 268 லிட்டர் வரும்.

சாக்கடை வாய்களில் 90 பாகை 'வி' வெட்டுத் தகடு வைக்கலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் உயரம் 10 செ.மீ. என்றால் வினாடிக்கு 4.4 லிட்டர், 15 என்றால் 12, 20 என்றால் 24.7, 25 என்றால் 43. உயரத்தைத் தகட்டிலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து இறங்கும். தகட்டுக்கு மேற்புறம், நீர் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரத்தில் அளவுகோல் நட வேண்டும். தகட்டுக்குக் கீழே தண்ணீர் விடுபட்டு விழ வேண்டும். மழைக்காலத்தில் வாய்க்கால் மட்டம் ஏறித் தகடு மூழ்கினால் அந்த எண் செல்லாது; அப்போது மிதவைக்கு மாறுங்கள்.

நீரோட்டத்தின் நான்கு நிலவரங்களில் மாதிரி வேண்டும்: அணை மூடிய காலம், முறைநாள், முறை இல்லாத நாள், வடகிழக்குப் பருவமழை வடிகாலம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்று, வருடத்துக்குப் பத்து. ஆறு இடங்கள்: தலைப்பு, முதல் சாக்கடைக்குச் சற்று மேலே, ஆலைக்குக் கீழே, இரண்டாவது சாக்கடைக்குக் கீழே நன்றாகக் கலந்தபின், பாலத்தடி, கடைமடை. 60 மாதிரி, பத்தில் ஒன்று இரட்டை மாதிரி, ஆக 66. முறை ஓடுகிறதா என்பதை லஸ்கரிடம் (மதகைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) கேட்டுப் படிவத்தில் எழுதுங்கள். ஒப்பிடும்போது அணை மூடிய காலத்தை அணை மூடிய காலத்தோடு மட்டும். வேலை தொடங்கும் முன் ஒரு முழுச் சுற்றுக் காலமாவது அடிப்படை அளவு வேண்டும். அதாவது பணம் மார்ச்சில் வந்தால் அந்த ஏப்ரலில் மண் வேலை வேண்டாம், அடுத்த ஏப்ரலில் செய்யுங்கள். நிறுவனத்துக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரைந்த ஆக்சிஜனை விடியற்காலை 6 மணிக்கு அளக்க வேண்டும். மதியம் பாசி ஆக்சிஜன் விடும். 30 டிகிரியில் நிறைவு அளவே லிட்டருக்கு 7.5 மி.கி.தான், மதியம் 2 மணிக்கு மீட்டர் 10 காட்டினால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை, பாசி அதிகம் என்று அர்த்தம். அதே இடத்தில் விடியலில் 1-க்குக் கீழே இருக்கலாம். மீன் சாவது அப்போதுதான். மீட்டரை ஒவ்வொரு நாளும் ஈரக்காற்றில் அளவுதிருத்தம் செய்யுங்கள். மின்கடத்துதிறன் மீட்டரை அளவுதிருத்த 1,413 (மைக்ரோசீமன்ஸ்/செ.மீ.) திரவம். கடைமடை கடலோரமாக இருந்தால் உப்பு ஏறுவதையும் இதே மீட்டர் காட்டும். பாசனத்துக்கான மேல்வரம்பு 2,250.

பிஓடி மாதிரி ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில், அன்றைக்கே ஆய்வகம் சேர வேண்டும். நம் நாட்டு முறை 27 டிகிரியில் 3 நாள். அறிக்கையில் 20 டிகிரி 5 நாள் என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முடிவில் மிச்ச ஆக்சிஜன் 1-க்குக் குறையாமலும், செலவான ஆக்சிஜன் 2-க்குக் குறையாமலும் இருந்தால்தான் அந்த நீர்ப்பு (மாதிரியில் தண்ணீர் கலந்த விகிதம்) செல்லும். மூலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கோலிஃபார்முக்கு (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் நுண்ணுயிர்) கிருமிநீக்கிய தனி பாட்டில். '1,600-க்கு மேல்' என்று அறிக்கை வந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை, கூடுதல் நீர்ப்பில் செய்து முழு எண் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குளிக்க ஏற்ற நீருக்கு மலக்கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 500 விரும்பத்தக்கது, 2,500 உச்சம். பிஓடி 3, ஆக்சிஜன் 5. மூன்று வருடத்தில் கடைமடையில் இதை எட்டுவோம் என்று நிறுவனத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 'அணை மூடிய காலத்துப் பிஓடி சுமை பாதியாகும், விடியல் ஆக்சிஜன் 2-க்கு மேல் நிற்கும்' என்பது நியாயமான இலக்கு.

அம்மோனியா மாதிரிக்கும் சிஓடி (வேதிமுறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை) மாதிரிக்கும் கந்தக அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிஓடி பாட்டிலில் அமிலம் விழுந்தால் அது குப்பை. பாட்டில் மூடிக்கு மூன்று நிறம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

---

கடைமடை:

பிஓடி27 சொல்வது எண்ணுக்குச் சரி. ஆனால் தூர்வாரும் வேலையை ஒரு வருடம் தள்ளினால் கடைசி 2 கி.மீ. விவசாயிக்குத் தண்ணீர் எப்படி வரும்? வெங்காயத்தாமரை அடைத்திருக்கும் இடத்தில் முறைத் தண்ணீர் கால்வாசிகூடக் கடக்காது. தண்ணீர் வராத ஊர் உங்கள் கண்காணிப்புக் குழுவிலும் வராது. முதல் ஏப்ரலிலேயே பாசியையும் தாமரையையும் மட்டும் வாரிவிடுங்கள், சேற்றைத் தொடாமல். அது அடிப்படை அளவைக் கெடுக்காது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, யாராவது நுண்ணுயிர் உருண்டை போட்டால் ஒரு மாதத்தில் தண்ணீர் தெளியும் என்று வருவார்கள். ஓடும் வாய்க்காலில் அது அடுத்த முறையோடு கடலுக்குப் போகும். பணத்தை அதில் விடாதீர்கள்.

---

மதகுச்சாவி:

கடைமடை அண்ணன் சொல்வது நடைமுறை. தாமரையை வாரலாம். ஆனால் வாரிய அன்றைக்கும் அடுத்த ஒரு வாரத்துக்கும் மாதிரி எடுக்காதீர்கள், கலங்கிய சேறு எண்ணை ஏற்றிவிடும்.

சாக்கடை வாய் பற்றிச் சொல்லாமல் விட்டேன். சுத்திகரிப்பு எதையும் வாய்க்காலுக்குள் கட்டக் கூடாது. கல்பெட்டித் தடுப்பு, மிதக்கும் தோட்டம் எதுவாக இருந்தாலும் பாசன ஓட்டத்தைத் தடுக்கும், நீர்வளத்துறை அனுமதிக்காது, முதல் வெள்ளத்தில் போய்விடும். சாக்கடை வாய்க்காலைத் தொடும் முன், பேரூராட்சி நிலத்தில் வைக்க வேண்டும். முதலில் 20 மி.மீ. இடைவெளிக் கம்பி வலை, தினமும் வார ஆள். பிறகு மணல் படியும் தொட்டி, தடுப்பறைத் தொட்டி (உள்ளே சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்தது), கடைசியில் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை.

நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் சாக்கடைக்குத் தடுப்பறைத் தொட்டி ஒரு நாள் தங்கும் கணக்கில் 100 கன மீட்டர். ஜல்லிப் படுகை ஆழம் 60 செ.மீ., ஜல்லி இடைவெளி 40 விழுக்காடு, இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால் 833 சதுர மீட்டர், ஏறத்தாழ 20 சென்ட். உங்கள் இரண்டு சாக்கடையும் சேர்ந்து வினாடிக்கு 35 லிட்டர் என்றால் அது நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டர். 6 ஏக்கர் நிலம் கேட்கும். 60 லட்சத்தில் நடக்காது. அதனால்தான் கணக்குப்பிள்ளை சொன்ன பேரூராட்சிக் கருத்துரு. உங்கள் பணத்தில் சின்னச் சாக்கடை ஒன்றை முழுதாக முடியுங்கள், பெரியதற்குக் கம்பி வலையும் மணல் தொட்டியும் மட்டும்.

ஜல்லி நுழைவாயில் 40 முதல் 60 மி.மீ., உள்ளே 10 முதல் 20. எல்லாம் ஒரே சிறு ஜல்லியாகப் போட்டால் ஒரு வருடத்தில் நுழைவாயில் அடைத்து மேலே வழியும். மழைக்காலத்தில் நம்ம ஊரில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கே வந்துவிடும். சுத்தம் செய்யத் தொட்டியைக் காலி செய்தால் அது மிதந்து விரிசல் விடும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டிக் கட்ட வேண்டும், ஐப்பசி முதல் தை வரை தொட்டியைக் காலி செய்யவே கூடாது.

---

வடிகாலோரம்:

மிக்க நன்றி. ஆலையும் லாரியும் பாக்கி. எங்கள் மாதிரி முடிவுகளை வைத்து ஆலை மேல் நடவடிக்கை எடுக்க முடியுமா? முதல் முறைத் தண்ணீர் வரும்போது ஜூனில் மீன் செத்து மிதக்கிறது, அதற்கு ஆலைதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள்.

---

பிஓடி27:

ஜூன் மீன் சாவுக்கு ஆலை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. நான்கு மாதம் தேங்கிய ஆக்சிஜனில்லாக் கரும்நீரையும் சேற்றையும் முதல் தண்ணீர் ஒரே தள்ளாகக் கீழே கொண்டுபோகும். மதகை முதல் நாள் சிறிதளவு திறந்து, மெதுவாக ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். அன்று தண்ணீர் முகப்பு கடக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் ஆக்சிஜன், அம்மோனியா, மின்கடத்துதிறன் எடுத்தால் காரணம் தெளிவாகும்.

ஆலை: ஒரு கிலோ நெல் ஊறவைக்க 1 முதல் 1.2 லிட்டர் தண்ணீர். 20 டன் ஆலையில் 24,000 லிட்டர். பிஓடி 1,000 என்று குறைத்துப் போட்டாலும் நாளொன்றுக்கு 24 கிலோ, ஆளுக்கு 40 கிராம் என்றால் 600 பேரின் கழிவு. நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மி.கி. லாரி: 6,000 லிட்டரில் 5,000 மி.கி. என்றால் ஒரு நடைக்கு 30 கிலோ. ஆலையைவிட ஒரே ஒரு லாரி பெரிது. எனவே இரவு லாரியைத்தான் முதலில் நிறுத்துங்கள். பேரூராட்சி உரிமம், வண்டி எண், கொட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீது மூன்றையும் கேட்டாலே பாதி குறையும்.

உங்கள் மாதிரி நீதிமன்றத்தில் சான்றாகாது. 1974 நீர்ச் சட்டம் 21-ஆவது பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிதான் செல்லும். உங்கள் எண்கள் அதிகாரியை எந்த நாள், எந்த நேரம், எந்தக் குழாய்க்கு வரவழைக்க வேண்டும் என்று காட்டத்தான். ஊறல் தொட்டி திறக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்து, மின்கடத்துதிறன் ஏறும் மணியோடு சேர்த்து வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு மனு போடுங்கள். நகர்வு இல்லையென்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. 14-ஆவது பிரிவில் ஆறு மாதக் கெடு, சீரமைப்பும் இழப்பீடும் கேட்கும் 15-ஆவது பிரிவில் ஐந்து வருடம். தேதிவாரியாக ஓட்டம், சுமை, படம் எல்லாம் ஒரே பதிவேட்டில், பக்க எண்ணோடு, திருத்தினால் சுருக்கொப்பத்தோடு இருக்கட்டும். தனித்தனித் தாளில் எழுதியது அங்கே நிற்காது.